மலையேறியவரும் சுமந்தவரும்

வரலாறு என்றதும் மாணவர்கள் மன்னரையும் போரையும் நினைக்கின்றனர். தம் ஊருக்கும் வரலாறு உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். நம் கண்ணெதிரே நிற்கும் பழனி மலையைக் கொண்டே இதனை விளக்க விரும்புகிறேன்.

1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்தார். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் காய்ச்சலால் பலரை இழந்தது. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கோடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என இரு வீடுகளைக் கட்டினர். கோடை நகரம் இவ்வாறு தொடங்கிற்று. ஆனால் மலை அதற்குமுன் வெறுமையாய்க் கிடக்கவில்லை. தாண்டிக்குடிப் பகுதியின் கல்திட்டைகளே அதற்குச் சான்று.

இரு வீடுகளின் பெயர்கூட நமக்குத் தெரிகிறதே, எவ்வாறு? வந்தவர்கள் கடிதம் எழுதினர், ஆண்டறிக்கை எழுதினர், எழுதியவற்றைக் காத்தும் வைத்தனர். அவற்றின் துணையோடு தம் மக்களின் வரலாற்றை எழுதியவர் ஜான் சாண்ட்லர். அவர் தந்தையாரும் இதே மிஷனில் பணியாற்றியவர். மதுரை மிஷனின் எழுபத்தைந்தாண்டு வரலாற்றைச் சாண்ட்லர் 1912-இல் நூலாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே அவருக்கு வேறொரு பெரும்பணி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு அவர் முதற் பதிப்பாசிரியரானார். 1779-இல் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்ட பாப்ரிசியுஸ் ஜெர்மனி நாட்டவர். 1862-இல் பெரிய அகராதி தந்த வின்சுலோ அமெரிக்கர். அந்த வரிசையில் சாண்ட்லரும் சொற்களைத் திரட்டினார். 1922-இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று, 1936-இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன.

தம் மக்களின் வரலாற்றை எழுதிய கை, நம் மக்களின் சொற்களையும் எழுதி வைத்தது. இதனை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையோடு ஒரு வெட்கமும் உண்டாகும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலைச்சாலை வருமுன், துரைமார் அடிவாரத்திலிருந்து டோலியில் ஏறிச் சென்றனர். அந்த டோலி சுமந்தவர்களுள் என் பூட்டனாரும் ஒருவர். அவருடைய வலத்தோளில் தேங்காய்ச் சில்லு அளவுக்குக் காய்ப்பு இருந்ததாம். என் பாட்டனார் இதனைச் சொல்லும்போது தம் தோளைத் தொட்டுக் காட்டுவார். எத்தனை பேர் மாற்றிச் சுமந்தனர், எங்கே இளைப்பாறினர், கூலி எவ்வளவு, மூச்சிரைக்க ஏறும்போது என்ன பாடினர் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வரலாறு படித்துப் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோது பாட்டனார் இல்லை. டோலியில் அமர்ந்து சென்றவர்களின் பெயர்களை நூல்களில் படிக்கிறேன். சுமந்தவருடைய வரலாறு எனக்கு ஒரு காய்ப்போடு முடிந்துவிட்டது.

இதற்கு யாரைக் குறை கூறுவது? எழுதியவர் தமக்குத் தெரிந்ததை எழுதினர். நம் வீட்டுக் கதையை நாமே அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

ஆகவே மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டு முதியவரிடம் அமர்ந்து கேளுங்கள். பழைய பாதைகளின் பெயர், ஓடைகளின் பெயர், செய்த தொழில், அத்தொழிலுக்குரிய சொற்கள் ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பதையும் தவறாது குறியுங்கள். உங்கள் கருத்தை அதனோடு கலக்காதீர்கள். லெக்சிகனும் ஒவ்வொரு சொல்லாய்ச் சேர்ந்து வளர்ந்ததே.

நோட்டை நாளை வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.