மின்னேற்றியைத் தேர்ந்தெடுத்தல்

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் குயிலாப்பாளையம். அவ்வூரில் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துச் சிறுமியொருத்தி, பழைய டேப்லெட் ஒன்றில் பாடம் படிக்கிறாள் எனக் கொள்க. அதனுடன் வந்த சார்ஜர், அஃதாவது மின்னேற்றி, பழுதுற்றது. புதியது வாங்கப் புதுச்சேரிக் கடைத்தெருவுக்குச் செல்லும் தந்தை, 10 வாட் முதல் 65 வாட் வரை பலவகை மின்னேற்றிகளைக் காண்பார். விலை மிகுந்ததே விரைந்து மின்னேற்றும் என்று கருதுதல் இயல்பு. அக்கருத்துச் சரியா என ஆராய்ந்த பின்னரே பணம் கொடுத்தல் அறிவுடைமையாகும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். மின்னேற்றி அதனைக் குறைந்த அழுத்தமுடைய நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. அது வெளியிடும் வோல்ட்டும் ஆம்பியரும் அதன்மேல் சிறு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் எனில் 10 வாட் ஆகும். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபேடுடன் அளிக்கப்பட்டதும் 10 வாட் மின்னேற்றியே.

ஏரி நிரம்பியிருப்பினும், வயலுக்குப் பாய்வது மதகு விடும் அளவு நீரே. டேப்லெட்டின் உள்ளேயும் அத்தகைய மதகு ஒன்று உண்டு. எத்துணை மின்னோட்டம் ஏற்பது என்பதை உள்ளிருக்கும் மின்சுற்றே முடிவு செய்கிறது. 10 வாட் மட்டும் ஏற்கவல்ல கருவியை 65 வாட் மின்னேற்றியில் இணைத்தாலும் அது 10 வாட்டுக்கு மேல் பெறாது. கேடும் இல்லை, பயனும் இல்லை.

ஆற்றல் குறைந்த மின்னேற்றியோ காலத்தை விழுங்கும். 3.7 வோல்ட், 6 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தின் கொள்ளளவு 22.2 வாட்-மணி. 10 வாட்டில் அது நிரம்ப இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. 5 வாட்டில் அதைப்போல் இருமடங்கு காலம் செல்லும். ஏற்றும்போதே திரையையும் பயன்படுத்தினால் இன்னும் தாமதமாகும்.

இக்காலத்து விரைவு மின்னேற்றிகள் பல, முதலில் 5 வோல்ட்டே தரும். கருவி கேட்டால்தான் 9 வோல்ட் அல்லது அதற்கு மேல் உயர்த்தும். 2012-இல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. பவர் டெலிவரி முறையும் இவ்வாறே இயங்குகிறது. இம்முறையை அறியாத பழைய டேப்லெட் உயர் அழுத்தத்தைக் கேட்பதில்லை. ஆனால், உருண்டை முனையுடைய பழைய மின்னேற்றிகளில் இவ்வுரையாடல் இல்லை. 5 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் முனையைச் செருகினால் கருவி பாழாகக்கூடும். ஆதலின் ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். வோல்ட் ஒத்திருத்தல் வேண்டும்.

வாங்குமுன் வேறு காரணங்களையும் ஆராய்தல் நன்று. நைந்த கம்பி மின்னோட்டத்தைக் குறைக்கும். முதலில் அதனை மாற்றிப் பார்க்கலாம். முதுமையுற்ற மின்கலம் விரைவில் வெறுமையாகும். அதற்குப் புது மின்னேற்றி மருந்தாகாது. மின்கலம் உப்பியிருப்பின், அக்கருவிக்கு மின்னேற்றவே கூடாது.

விலை மலிவு ஒன்றையே கருதுவதும் தவறு. 230 வோல்ட்டுக்கும் குழந்தையின் கைக்கும் இடையே நிற்பது மின்னேற்றியின் உட்காப்பே. போலிப் பொருள்களில் அக்காப்புக் குறைவாயிருத்தல் கூடும். 2012-ஆம் ஆண்டு ஆணையின் வழியே, இத்தகைய மின்னேற்றிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அதன் முத்திரையையும் பதிவு எண்ணையும் பார்த்து வாங்குதல் வேண்டும்.

ஆகவே, கருவியின் தேவையை முதலில் படித்து, அதற்கேற்ற மின்னேற்றியைத் தேர்தலே முறை. அங்ஙனம் தேர்ந்தால் தந்தையின் உழைப்பும் வீணாகாது. மகளின் படிப்பும் தடைப்படாது.

வினாக்கள்

1. 65 வாட் மின்னேற்றி பழைய டேப்லெட்டில் விரைந்து மின்னேற்றாதது ஏன்?
2. ஏரி, மதகு என்னும் உவமையை விளக்குக.
3. உங்கள் வீட்டு மின்னேற்றியில் பொறித்துள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்து, வாட் எத்துணை எனக் கணக்கிடுக.