பழைய சோலார் பெட்டி: சரிசெய்வதா, கழற்றிப் போடுவதா?

நரிக்குடிப் பக்கம் மொட்டைமாடியில் கிடக்கும் கைவேலைச் சுடுநீர்ப் பெட்டியைத் திருத்துவதா, புதிது வாங்குவதா என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. இரண்டு சதுர மீட்டர் பெட்டியின் மேல் ஒரு நல்ல நாளில் ஏறக்குறைய 10 யூனிட் வெயில் விழும். 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். சுமாரான பெட்டியே அதைச் செய்துவிடும் என்பதால், கறுப்புப் பெயின்ட்டுக்கும் உயர்ரகக் கண்ணாடிக்கும் முதலில் செலவழிப்பது வீண். உப்பேறிய போர் தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து அரை அங்குலக் குழாயின் உள்ளே படியும். பெட்டியைக் கொல்வது அதுதான்.

குழாய் செம்பா, ஜி.ஐ.யா என்று பாருங்கள். செம்பு என்றால் ஹோஸை மாட்டித் தண்ணீர் விடுங்கள். தாராளமாக ஓடினால் பெட்டி பிழைக்கும். ஓட்டம் குறைந்தால் சல்ஃபாமிக் ஆசிட் கரைசலை உள்ளே நிறுத்தி, பொங்கி அடங்கியதும் நன்றாக அலசலாம். பிறகு தகடு குழாயோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கம்பிக்கட்டுத் தளர்ந்து மயிரிழை இடைவெளி விழுந்தாலும் தகடு கொதிக்கும், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். துருப்பிடித்த ஜி.ஐ. என்றால் பழைய இரும்புக் கடைதான். அந்த ஜி.ஐ. குழாயில் புதுச் செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும்.

சோலாரே எதற்கு, சீமைக்கருவேல விறகு சும்மா கிடைக்கிறதே என்பார்கள். வெட்டிச் சுமக்கும் உடம்பையும் புகையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 100 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறதே என்றால், தினம் 100 லிட்டர் காய்ச்ச இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 190 யூனிட் ஆகும். புதிய வேக்குவம் டியூப் வாங்கலாமே என்ற பேச்சில் மட்டும் நியாயம் உண்டு. அகலமான டியூப் சீக்கிரம் அடைக்காது, கழற்றிக் கழுவலாம். ஆனால் ஒரு டியூப் உடைந்தால் டேங்க் தண்ணீர் வடிந்துவிடும். குரங்குத் தொல்லை உள்ள தெருவில் இது சின்ன விஷயமல்ல. போர் தண்ணீர்தான் என்றால் வேக்குவம் டியூபே என் தேர்வு. மழைநீரோ ஊருணி நீரோ வருமானால் பழைய செம்புப் பெட்டியே போதும்.

எதையும் வாங்குமுன் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை ஏடு உரிந்து வந்தால் குழாய்க்குள்ளும் அதுதான் படிந்திருக்கும்.