கணினிக்குக் கை காட்டுவது எப்படி? கருவி இல்லாமல் மூன்று பாடவேளைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போய்வருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கிரேன் ஒன்று பளுவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே ஒருவர் ஆள்காட்டி விரலை மேல்நோக்கி நீட்டிச் சிறு வட்டம் போடுவார். கொக்கி மேலே ஏறும். விரலைக் கீழ்நோக்கித் திருப்பி வட்டம் போட்டால் இறங்கும். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க இடவலமாக வீசினால் நின்றுவிடும். இரைச்சலில் குரல் எட்டாத இடத்தில் உருவான மொழி இது. இதில் ஒரு விதியும் உண்டு. மற்றச் சைகைகளை அதற்கென நியமிக்கப்பட்ட ஒருவர் மட்டுமே காட்ட வேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும்.

நான் ஆவடிக்கு அருகில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். என் மாணவர்களில் பலருடைய பெற்றோர் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் 'சைகை இடைமுகம்' பற்றிப் பேசும்போது நான் கணினியை முதலில் காட்டுவதில்லை, கிரேனிலிருந்து தொடங்குகிறேன். "எங்கப்பா இப்படித்தான் கை காட்டுவாரு சார்" என்று ஒருவன் எழுந்து செய்து காட்டினால் பாடம் பாதி முடிந்தது.

மனிதனும் கருவியும் ஒருவர் சொல்வதை ஒருவர் புரிந்துகொள்ள நடுவில் இருக்கும் ஏற்பாடே இடைமுகம். சுவிட்ச், விசைப்பலகை, சுட்டி, தொடுதிரை எல்லாம் இடைமுகங்களே. கையசைவையே கட்டளையாக்கும் முயற்சி புதியதல்ல. 1980இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு போல்ட் என்பவர், சுவர்த்திரையை நோக்கிக் கை நீட்டி 'அதை அங்கே வை' என்று சொன்னால் படம் இடம் மாறும் அமைப்பை உருவாக்கிக் காட்டினார். 2009 நவம்பரில் மைசூருவில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில், குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி தன் 'சிக்ஸ்த் சென்ஸ்' கருவியை விளக்கினார். கழுத்தில் தொங்கும் ஒரு கேமரா, ஒரு சிறு புரொஜெக்டர், விரல் நுனிகளில் வண்ண மூடிகள், பையில் ஒரு கணினி, அவ்வளவுதான். இரு கை விரல்களால் சட்டம்போல் காட்டினால் படம் பிடிக்கும். மணிக்கட்டில் வட்டம் வரைந்தால் அங்கே கடிகாரம் ஒளியாக விழும். கேமரா தேடியது கையை அல்ல, அந்த வண்ணங்களைத்தான் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' வந்தது. அதற்கு வண்ண மூடிகூடத் தேவைப்படவில்லை.

இவ்வளவு இருந்தும் நாம் ஏன் இன்னும் சுட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? இந்தக் கேள்வியில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது.

முதல் பாடவேளை: கை என்னும் கருவி

வகுப்பையே எழுந்து நிற்கச் சொல்லி, வலக்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, காற்றில் தொடர்ந்து தம் பெயரை எழுதச் சொல்வேன். இரண்டு நிமிடம். ஒரு நிமிடம் தாண்டும்போதே கை தாழத் தொடங்கும். நிமிர்ந்த திரையில் நெடுநேரம் கை தூக்கி வேலை செய்வதால் வரும் இந்தக் களைப்புக்குக் கணினித் துறையினர் 'கொரில்லா கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரைப்படங்களில் நாயகன் காற்றில் கோப்புகளைத் தள்ளிக்கொண்டே இருப்பது பார்க்க அழகு. எட்டு மணி நேர வேலைக்கு அது உதவாது.

அடுத்த சிக்கலை உரையாடலிலேயே காட்டலாம். ஒரு மாணவி நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்ல, மற்றவர்கள் அவள் கையை மட்டும் கவனித்து எத்தனை முறை அசைந்தது என்று எண்ண வேண்டும். நாம் பேசும்போது கை சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் அசைவையும் கணினி கட்டளையாக எடுத்துக்கொண்டால் என்னாகும்? தொட்டதெல்லாம் பொன்னாகி உணவுகூட உண்ண முடியாமல் தவித்த மன்னன் மைடாஸின் கதைதான். இதற்கு மைடாஸ் சிக்கல் என்றே பெயர். 'இது கட்டளை', 'இது வெறும் அசைவு' என்று பிரித்துக் காட்ட ஒரு தொடக்கச் சைகை தேவைப்படுகிறது. பேருந்து நடத்துநர் விசில் அடிப்பதும் இந்த வகைதான் என்று என் வகுப்பில் ஒரு மாணவன் சொன்னான். பேச்சோடு கலக்காத ஒலி அது.

அடுத்து ஸ்கெட்ச் பேனா. ஒவ்வொரு விரலிலும் நுனி, இரண்டு மடிப்புகள், அடிமூட்டு என நான்கு புள்ளிகள், மணிக்கட்டில் ஒன்று. ஐந்து நான்கு இருபது, ஒன்று சேர்த்து 21. கூகுள் 2019இல் வெளியிட்ட 'மீடியாபைப்' கையறி மென்பொருள், கேமராவில் தெரியும் கையை இதே 21 புள்ளிகளாகத்தான் பார்க்கிறது. ஒரு கை அதற்கு ஒரு புள்ளித் தொகுப்பு மட்டுமே. ஒன்பதாம் வகுப்புக்கு இங்கே ஆயத்தொலை வடிவியல் வந்து நிற்கிறது. கையை வரைபடத் தாளில் வைத்து வரைந்து, கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் உள்ள தொலைவைச் சூத்திரத்தால் காணச் சொல்லுங்கள். தொலைவு குறைந்தால் 'கிள்ளுதல்'.

ஆனால் எவ்வளவு குறைய வேண்டும்? 'ஒரு சென்டிமீட்டர்' என்பான் ஒருவன். கேமராவிலிருந்து தள்ளி நின்றால் விரித்த கைகூடச் சிறிதாகத் தெரியுமே! ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கை? சிறிது நேரம் விவாதிக்க விட்டால் அவர்களே விடைக்கு வந்துவிடுவார்கள்: தொலைவை உள்ளங்கையின் நீளத்தால் வகுக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் படித்த விகிதம். 'இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்' என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நல்ல விடைகளில் இது ஒன்று.

இரண்டாம் பாடவேளை: சைகையை யார் தீர்மானிப்பது?

இதுவே மூன்றிலும் முக்கியமானது. நேரம் போதாவிட்டால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் நடத்தலாம்.

2009இல் ஜேக்கப் வாப்ராக், மெரிடித் ரிங்கல் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில்நுட்பத் துறை சாராத 20 பேரை ஒரு தொடுமேசை முன் உட்கார வைத்து, விளைவை முதலில் காட்டினார்கள். படம் பெரிதாகிறது, 'இப்படி ஆக நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேட்டார்கள். 27 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையால் ஒன்று, இரு கையால் ஒன்று என மொத்தம் 1080 சைகைகள். வல்லுநர்களான அம்மூவரும் தாங்களாகவே யோசித்து வைத்திருந்தவை, மக்கள் தந்த சைகைத் தொகுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் எட்டின. நிபுணர்கள் அறையில் உட்கார்ந்து யோசித்தால் மட்டும் போதாது.

இதை வகுப்பில் அப்படியே செய்யலாம். 'முன்', 'பின்' என இரண்டிரண்டு படங்கள் கொண்ட அட்டைகள் ஆறு போதும்: பெரிதாக்கு, அடுத்த பக்கம், நிறுத்து, ஒலியைக் கூட்டு, அழி, திரும்பச் சொல். மாணவர் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நீங்கள் அட்டையைப் பற்றிச் சொல்ல, அவர்கள் சைகை காட்ட, இருவர் மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஒரே சைகையைக் காட்டியவர்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதே அச்சைகையின் ஒப்புமை மதிப்பு.

எங்கள் வகுப்பில் 'நிறுத்து' என்பதற்குக் கிட்டத்தட்ட எல்லாரும் போக்குவரத்துக் காவலர்போல் உள்ளங்கையைக் காட்டினார்கள். 'பெரிதாக்கு' இரண்டாகப் பிரிந்தது. வீட்டில் கைப்பேசி பழகியவர்கள் இரு விரல்களை விரித்தார்கள். வீட்டில் தொடுதிரைக் கைப்பேசி இல்லாத ஒரு சிறுவன் இரு கைகளையும் அகல விரித்தான். எனக்கு அவனுடைய சைகைதான் இயல்பானதாகத் தோன்றியது. மற்றவர்கள் காட்டியது கற்றுக்கொண்ட பழக்கம். 'அடுத்த பக்கம்' என்றதும் பெரும்பாலோர் வலமிருந்து இடமாகக் கையை ஓட்டினார்கள். அரபு ஓதக் கற்கும் ஒரு மாணவி இடமிருந்து வலமாக ஓட்டினாள். அவள் பக்கம் புரட்டும் திசை அது. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்து தமிழ் எழுத்துகளை இன்னும் பழகிக்கொண்டிருந்த மாணவன், திரையில் உள்ள பட்டியலை வாசிக்கத் திணறுகிறவன், இந்தச் செயல்பாட்டில் எல்லாருக்கும் முன்னால் நின்றான்.

யாரை மனத்தில் வைத்து வடிவமைக்கிறோம் என்ற கேள்வி இங்கே தானாக எழுந்துவிடுகிறது. நம் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டுகள் வந்துள்ளன. அதன் முன் ஒரு நாள் நின்று பாருங்கள். தொட வேண்டிய பொத்தான் திரையின் மேல் மூலையில் இருந்தால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது எட்டாக் கனி. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளையே தொட்டுச் செய்ய விடும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரு கை தேவைப்படும் சைகை, ஒரு கை இயங்காத குழந்தையை விளையாட்டிலிருந்து வெளியே நிறுத்திவிடும்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பதை அறிவோம். கண்ணாடிபோல் வழுவழுப்பான தொடுதிரையைப் பார்க்காமல் எப்படி இயக்குவது? 2009 முதல் ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்', ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' என்னும் வசதிகள் உண்டு. விரலை வைத்தால் அங்கே என்ன இருக்கிறது என்று கைப்பேசி வாசிக்கும், எதையும் செய்துவிடாது. வலப்புறம் வழித்தால் அடுத்தது, இடப்புறம் வழித்தால் முந்தையது. இருமுறை தட்டினால்தான் செயல். கேட்பதற்கு ஒரு தொடுதல், செய்வதற்கு இரட்டைத் தட்டு என்று பிரித்ததில் மைடாஸ் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. என் கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கடிகாரச் செயலியைத் திறக்கச் சொல்வேன். இதை 'பாவம்' என்று பார்க்க விடாதீர்கள். மிக நேர்த்தியாக வடிவமைக்கப்பட்ட சைகை இடைமுகங்களில் ஒன்றாக இதைக் காட்டுங்கள்.

சைகை மொழியையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்திய சைகை மொழிக்கு இலக்கணம் உண்டு. இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. நம் ஆறு கட்டளைகள் மொழியல்ல, வெறும் குறிகள்.

மூன்றாம் பாடவேளை: காட்சியின் மேல் காட்சி

மிகை மெய்ம்மை, அதாவது ஆக்மென்டட் ரியாலிட்டி என்றதும் வகுப்பறைத் தரையில் புலி நடக்கும் செயலியைத்தான் பலரும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் கத்துவார்கள், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுவார்கள். அந்தப் புலிக்கும் நம் தரைக்கும் தொடர்பு ஒன்றும் இல்லையே! இருக்கிற இடத்தோடு ஒட்டிய தகவலை, இருக்கிற இடத்தின் மேலேயே காட்டும்போதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பொருள் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல் இந்தப் பெயரை வைத்ததும் விமானத்துக்குக் கம்பி இணைக்கும் தொழிலாளியின் கண்முன்னே வரைபடத்தைக் காட்டத்தான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 24 அடி. மழைக்காலச் செய்திகளில் கேட்டுப் பழகிய எண். எவ்வளவு உயரம் என்று கேட்டால் விழிப்பார்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும். ஏறத்தாழ 5 அடி உயர மாணவி பள்ளிச் சுவரையொட்டி நிற்கிறாள். இன்னொருவர் மைதானத்தில் நின்று தாளைக் கண்முன் பிடித்து, தாளில் அவள் எவ்வளவு உயரம் தெரிகிறாள் என்று அளந்து, அதன் 4.8 மடங்கில் நீலக் கோடு போடுகிறார். தாள் வழியாகப் பார்த்தால் கோடு மாடிச் சன்னலுக்கு அருகே நிற்கிறது. "சார், இவ்ளோ தண்ணியா!"

இப்போது தலையை ஓரடி நகர்த்தச் சொல்லுங்கள். கோடு கட்டடத்தைவிட்டு விலகிவிடும். மிகை மெய்ம்மையின் பெருஞ்சிக்கல் இதுவே. பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்று கணினிக்கு ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். 1968இல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியைச் செய்தபோது, தலையின் நிலையை அளக்க அதைக் கூரையிலிருந்து ஒரு தண்டில் தொங்கவிட்டார். இன்று கேமராவே அடையாளங்களைப் பார்த்து இடத்தைக் கணிக்கிறது. நம் பாடநூலிலும் தேநீர்க் கடையிலும் உள்ள கியூஆர் குறியீட்டில் மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்கள் அத்தகைய அடையாளங்களே. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கியது. அச்சதுரத்தின் நடுவே அளவுகோலை வைத்து அளந்தால் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. பாடநூலில் உள்ளது சிறியது, பெரிதாக்கி நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி நேரத்தில் இரண்டையும் இணைக்கலாம். ஒரு குழு தாள்களால் 'திரை' செய்கிறது. ஒரு மாணவர் மேசைக்குப் பின்னால் ஒளிந்து கணினியாக நடிக்கிறார். சைகையைப் பார்த்துத் தாளை மாற்ற வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. உண்மையான ஆய்வகங்களிலும் நிரல் எழுதும் முன் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' முறை என்பார்கள். மற்றக் குழுவினர் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டும், பேசிக்கொண்டும், பின்னால் நண்பர்கள் கையசைக்கும்போதும் பயன்படுத்திப் பார்ப்பார்கள். எங்கே தடுமாறினார்கள் என்பதை எழுதி, ஒரு சைகையையாவது மாற்றி மறுபடி சோதிக்க வேண்டும்.

கேமரா வைத்த செயலிகளைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள், மாணவர் முகம் எங்கும் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று பாடவேளைகளுக்கும் அது தேவைப்படாது. மதிப்பீட்டுக்கு நான் தேர்வுத்தாள் வைப்பதில்லை. 'உன் குழுவின் இடைமுகத்தை நிறுத்தும் சைகை எது? அதை யார் யாரால் காட்ட முடியும்? யாரால் முடியாது?' என்ற கேள்விகளுக்குப் படத்துடன் அரைப் பக்கம் எழுதச் சொல்கிறேன். சென்ற முறை இரண்டு குழுக்கள் கிரேன் விதியையே எடுத்துக்கொண்டன. ஒரு குழு மட்டும், கையே தூக்க முடியாதவருக்கு என்று காலால் தரையைத் தட்டுவதையும் சேர்த்திருந்தது.