போர் தண்ணீரில் யுரேனியம்: புதையலும் அல்ல, பட்டாசு மருந்தும் அல்ல

நம்பிக்கை: போர் தண்ணீரில் யுரேனியம் தெரிந்தால் அடியில் தாது கிடக்கிறது, சுரங்கம் வரும், நிலத்துக்கு விலை ஏறும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீரில் யுரேனியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஒரு டன் தண்ணீருக்கு 30 மில்லிகிராம்தான். சாதாரணக் கருங்கல்லிலேயே டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் இயல்பாக இருக்கிறது. ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் வெட்டும் தாதுவில் டன்னுக்குச் சுமார் 400 கிராம். உலக அளவில் அதுவே தரம் குறைந்த தாது. வரம்பைத் தாண்டிய தண்ணீருக்கும்கூடச் சாதாரணப் பாறையே போதும், தாது வேண்டியதில்லை.

பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்து எடுப்பது தண்ணீரின் வேதியியல். பைகார்பனேட் மிகுந்த நீரில் அது எளிதில் கரையும். உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் இறங்கும் நைட்ரேட் அதற்குத் துணைபோகும். விருதுநகருக்குப் பக்கத்து மதுரை மாவட்டத்தில் ஆய்வு செய்தவர்களும் பாறையின் தன்மையையும் நீரின் தன்மையையும்தான் காரணமாகக் காட்டினார்கள். விருதுநகர் மாவட்டத்திலும் கரிசலுக்கு அடியில் பெரும்பாலும் வன்பாறைதான். ஆகவே இங்கே தேவை சோதனை, நிலத் தரகர் அல்ல.

தாது இருக்கிறதா என்பதைத் துளையிட்டு எடுத்த பாறையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இந்தியாவில் யுரேனியச் சுரங்கங்களை நடத்திவருவது மத்திய அரசின் யுரேனியம் கார்ப்பரேஷன். தண்ணீர் பரிசோதனைச் சீட்டைக் காட்டி யாராவது முன்பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சுரங்க முதலீட்டுக்கும் இந்தத் தண்ணீருக்கும் உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. தும்மலப்பள்ளியில் கழிவுக் குட்டையால் கிணறுகள் கெட்டுவிட்டன என்று சுற்றுக் கிராமத்தார் புகார் சொன்னார்கள். எந்த ஊரிலும் சுரங்கத்துக்கு முன்பே கிணற்று நீரை அளந்து ஊரறியப் பதிந்து வைக்காவிட்டால், எவ்வளவு இயற்கை, எவ்வளவு சுரங்கம் என்று பிறகு பிரித்துச் சொல்வது கடினம். அதில் நஷ்டம் முதலில் குடிக்கிறவர்களுக்கு.

நம்பிக்கை: சிவகாசித் தண்ணீரில் யுரேனியம் இருந்தால் அது பயராபீஸ் (பட்டாசு ஆலை) மருந்திலிருந்து வந்தது.

உண்மை: பட்டாசு மருந்தில் யுரேனியம் சேர்ப்பதில்லை. பச்சை நிறம் பேரியத்தால் வருவது. ஆனால் பட்டாசுத் தொழில் நிலத்தடி நீருக்குள் இறக்கிய பொருள் ஒன்று உண்டு: பெர்குளோரேட். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்க வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டின. மதுரையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. சிவகாசிப் பகுதியில் கண்ட அதிகபட்சம் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். பெர்குளோரேட் தைராய்டுக்கு அயோடின் போய்ச் சேருவதைத் தடுக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குடிக்கும் தண்ணீர் இது. யுரேனியம் என்ற பெயர் எழுப்பும் பரபரப்பில் பாதிகூட இதற்கு வராதது எனக்கு வேதனை.

நம்பிக்கை: யுரேனியம் என்றால் கதிர்வீச்சு, புற்றுநோய்.

உண்மை: இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. குடிநீரில் முதல் கவலை சிறுநீரகம். 30 மைக்ரோகிராம் வரம்பும் அதன் வேதி நச்சை வைத்தே வகுத்தது.

நம்பிக்கை: கொதிக்க வைத்தால் போய்விடும்.

உண்மை: போகாது. தண்ணீர் ஆவியாகி மீதியில் செறிவு கூடும். நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. யுரேனியம், பெர்குளோரேட் இரண்டையுமே பெருமளவு பிரிக்கும். அது கழித்துவிடும் நீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் பார்ப்பார்கள். யுரேனியத்தையும் பெர்குளோரேட்டையும் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அடுத்த கிராமசபையில் உங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இந்த இரண்டு சோதனைகளையும் தீர்மானமாகக் கேளுங்கள்.