குருதிப் புற்றுநோயும் அடங்காத மரபணுவும்

குருதிப் புற்றுநோய் என்றதும் நம்மவர் மனதில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, "இனி வழியில்லை". மற்றது, "பிள்ளைகளுக்கும் வருமோ?" மரபணுவில் மாற்றம் இருப்பதாக வைத்தியர் சொல்லிவிட்டால் பயம் இரட்டிப்பாகிறது. கலியாணப் பேச்சுக்குத் தடையாகுமே என்று நோயை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. இந்தப் பயம் சரிதானா என்று பார்ப்போம்.

மிகைவெளிப்பாடு என்றால் என்ன?

நமது உடற்கலம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று சொல்வது மரபணு. கறிக்கு உப்பு வேண்டும்; அளவுக்கு மீறினால் கறியே கெட்டுவிடும். அதுபோல, ஒரு மரபணு தேவைக்கு மேல் வேலைசெய்து தன் புரதத்தை அளவின்றி உண்டாக்குவதையே மிகைவெளிப்பாடு என்கிறோம்.

சாகாத கலங்கள்

மேலை நாடுகளில் வளர்ந்தோரிடம் அதிகம் காணப்படும் குருதிப் புற்றுநோய், சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட நிணநீர்க்கலப் புற்றுநோய். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. இதில் பி.சி.எல்-2 என்ற மரபணு மிகையாக வேலை செய்கிறது.

இம்மரபணுவின் தொழிலை 1988இல் மெல்பேர்ணில் உள்ள வோல்ட்டர் அன்ட் எலிசா ஹோல் ஆய்வு நிலையத்தில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். அது கலங்களைப் பெருக வைப்பதில்லை. சாகவேண்டிய கலங்களைச் சாகவிடாமல் தடுக்கிறது. வயதான வெண்கலங்கள் தாமாக அழிந்து புதியவற்றுக்கு இடம் விடுவதே இயற்கை. அவை அழியாவிட்டால் குருதியிலும் எலும்பு மச்சையிலும் மண்ணீரலிலும் தேங்கி, நல்ல கலங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

மிகை எப்படி வருகிறது? நோயாளர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு புற்றுக்கலங்களில் காணாமற் போயிருக்கிறது. அத்துண்டில் இருக்கும் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பி.சி.எல்-2ஐக் கட்டுப்படுத்தும் கடிவாளங்கள் என்பதை 2005இல் கார்லோ குரோச்சேயின் குழு காட்டியது. கடிவாளம் போனதும் குதிரை அடங்குவதில்லை.

மருந்து உண்டா?

காரணம் தெரிந்ததால் மருந்தும் வந்தது. பி.சி.எல்-2 புரதத்தை மடக்கும் வெனெற்றோகிளக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கலங்கள் ஒரேயடியாக அழிந்தால் சிறுநீரகம் தாங்காது. ஆகவே 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரங்களில் படிப்படியாக 400 வரை உயர்த்துவார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கிரேப் புரூட் சாப்பிடக் கூடாது. நாட்டு மருந்து எதுவும் எடுப்பதாயின் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஆரம்ப நிலையில் பலருக்கு மருந்தே தேவைப்படாது. காலத்துக்குக் காலம் குருதிப் பரிசோதனை போதும். "வைத்தியர் கைவிட்டுவிட்டார்" என்று எண்ண வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வருமா?

மேலே சொன்ன மாற்றம் பெற்றோர் கொடுத்ததல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு குருதிக்கலத்தில் நேர்ந்து, அதன் வழி வந்த கலங்களில் மட்டுமே இருப்பது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. தொற்றவும் தொற்றாது. சில குடும்பங்களில் இந்நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதனால் நெருங்கிய உறவினர் தமது வைத்தியரிடம் அதைச் சொல்லி வைப்பது நல்லது. ஆனாலும் அப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலானோருக்கு இது வருவதே இல்லை.

கழுத்திலோ அக்குளிலோ நோவில்லாத கட்டிகள், தீராத களைப்பு, இரவில் உடை நனையும் வியர்வை, காரணமின்றி எடை குறைதல், அடிக்கடி கிருமித்தொற்று ஆகியவை இருந்தால் குடும்ப வைத்தியரைக் காணுங்கள். இவற்றுக்கு வேறு சாதாரண காரணங்களும் இருக்கலாம். ஒரு குருதிப் பரிசோதனை அதைத் தெளிவாக்கும்.

மறைக்க வேண்டிய நோயல்ல இது. வீட்டில் பேசுங்கள்.