எஞ்சினில் படியும் கரி

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் பெட்ரோல் எரியுங்கால், முற்றும் எரியாத பகுதி கரியாகி ஆங்காங்கே படியும். கரி மிகுந்தால் ஆற்றல் குன்றும். எரிபொருட் செலவு மிகும். பாலி ஈதர் அமீன் என்னும் துப்புரவு மருந்தைப் பெட்ரோலில் கலந்தால், அஃது உடன்சென்று கரியை இளக்கிக் கழிக்கும். ஆயினும், பெட்ரோல் தொடாத இடத்தை அம்மருந்தும் தொடாதன்றோ?

பழைய அமைப்பில், காற்றை உள்ளே விடும் வால்வின் பின்புறத்தே பெட்ரோல் தெளிக்கப்பெறும்; ஆதலின் அவ்வால்வு கழுவப்பெற்றுத் தூய்மையுறும். உருளையினுள் நேரே பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களிலோ, அவ்வால்வின்மீது காற்றும் எண்ணெய் ஆவியுமே படும். அவ்வாவி நாளடைவில் கரியாய் இறுகும். மருந்தைப் புட்டி புட்டியாக வாங்கி ஊற்றுவோர் பலர் இதனை எண்ணுவதில்லை. இக்கரியை நீக்க, அக்ரூட் கொட்டையின் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தால் வால்வின்மீது வீசுகின்றனர். அப்பொடி கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது.