பக்கவாத்தியத்திலிருந்து இரட்டை வயலினுக்கு: எல். சங்கரின் இசைத்தட்டுகள்

வயலின் நமக்குப் பிறந்த வீட்டுப் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றோர் இந்த ஐரோப்பியக் கருவியைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தனர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டித் தமதாக்கிக் கொண்டனர். வேற்றிசையோடு கலந்தால் மரபு கெட்டுவிடும் என்று வாதிடும்போது இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

நான் வளர்ந்த பாலோவில் கோயில் திருவிழா என்றால் நாதஸ்வரமும் உருமி மேளமும்தான். வயலின் திரைப்பாடல்களின் பின்னணியில்தான் காதில் விழும். பக்கவாத்தியம் என்ற சொல்லே பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் எனக்கு அறிமுகமானது. பாடகரின் ஆலாபனையை நிழல்போல் பின்தொடர்வதும், அவர் பாடும் சுரங்களுக்கு விடை சொல்வதும் பக்கவாத்தியக்காரரின் வேலை. மேடை பாடகருடையது.

இந்த நிலையை மாற்ற விரும்பியவர் வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராக இருந்த இவர், 1958 கலவரத்திற்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். வயலின் தனிக்கச்சேரிக்கு உரிய கருவி என்பது அவரது நம்பிக்கை. மகன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரையும் வயலின் கலைஞர்களாக்கினார்.

1950இல் பிறந்த இளையவர் சங்கர், 1969இல் அமெரிக்கா சென்றார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், தென்னிந்திய வாய்ப்பாட்டிற்கு வயலின் பக்கம் வாசிக்கும் கலை! விட்டு விலகப்போகிற இடத்தை முதலில் முழுமையாக ஆராய்ந்தார் எனலாம்.

அதே பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின். இவ்விருவரோடு தபேலா மேதை சாகிர் உசேனும் (1951–2024) கடம் விக்கு விநாயக்ராமும் சேர, 'சக்தி' குழு உருவானது. 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வாசித்த கச்சேரியே 1976இல் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. கமகத்திற்கு வசதியாகத் தந்தியை வளைத்து இழுக்க, மெக்லாக்லினின் கிதார் விரற்பலகை குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. ஆக, இந்தக் கலப்பில் வளைந்து கொடுத்தது நம் இசை மட்டுமன்று.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சக்தி'யில் வேகம் அதிகம். கிதாரும் வயலினும் ஒன்றாகப் பாயும் இடங்கள் சிலிர்க்க வைக்கின்றன. ஆனால் ஒரு ராகத்தை நின்று நிதானமாக விரிக்க அங்கே நேரமில்லை. ஃபிராங்க் ஜாப்பா தயாரித்த 1979ஆம் ஆண்டு இசைத்தட்டான 'டச் மீ தேர்' இன்னும் விலகிப் போயிற்று. அதில் சங்கரைவிட ஜாப்பாவே அதிகம் கேட்கிறார் என்பது என் கருத்து.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. 1980இல் கென் பார்க்கர் என்ற கிதார் செய்பவரைக் கொண்டு, இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள இரட்டை வயலினைச் சங்கர் உருவாக்கினார். ஐரோப்பிய வாத்தியக் குழுவின் வயலின் முதல் டபுள் பாஸ் வரையிலான ஒலி எல்லை முழுவதும் இந்த ஒரே கருவிக்குள் அடக்கம். மேற்கத்திய மேடை தந்த இந்தக் கருவியில் அவர் எதைப் பதிவு செய்தார்? ராகம் தானம் பல்லவியை! ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' அது. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபேலா சாகிர் உசேன், தாளம் போட்டவர் தந்தை லட்சுமிநாராயணா. 'சக்தி'யில் கிடைக்காத நிதானம் இதில் உண்டு. மந்திர ஸ்தாயியில் வில் இறங்கும்போது, ஒரே வயலினா என்று ஐயம் எழும்.

அதன்பின் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' (1989) போன்றவற்றிலும் வாசித்தார். 1990இல் 'பஞ்ச நடைப் பல்லவி'க்கும் திரும்பினார். இரு பக்கமும் போய் வந்துகொண்டே இருந்தார்.

கேட்க விரும்பும் நண்பர்கள் 'சக்தி'யின் முதல் இசைத்தட்டிலுள்ள 'ஜாய்' என்ற பதினெட்டு நிமிடப் படைப்பில் தொடங்கலாம். பிறகு ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு 'ஹூஸ் டு நோ' கேளுங்கள்.